நேராக் கேட்கக் கூடாதுங்க

இந்தச் சேருக்கு ஆள் வருதுங்களா? இல்லைன்னா உட்கார்ந்துக்கறேன். அந்தப் பக்கம் ஃப்ரீசர் பெட்டிச் சத்தம் ஜாஸ்தி, பேசறது ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது. இங்க பந்தல் நிழலும் இருக்குது, காபிக்காரரும் இந்த வழியாத்தான் வர்றாரு. நான் எங்க போனாலும் இடம் பார்த்துத்தான் உட்காருவேன். அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குதுங்க.

ஐயாவைப் பார்த்துட்டீங்களா? தூங்கற மாதிரியே இருக்கறாருன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தெரியலை. யாரையோ வையறதுக்கு வாயைத் திறக்கப் போற மாதிரித்தான் இருக்கறாரு. பொண்ணு துபாயில இருந்து வந்து இறங்கணுமாம். மத்தியானம் ஆயிரும்ங்கறாங்க. அது வரைக்கும் எடுக்க மாட்டாங்க. ஒரு வகையில நல்லதாப் போச்சு, நமக்கும் நாலு வார்த்தை பேச நேரம் கிடைக்குது.

என் பேரு மகுடீஸ்வரன். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் ரெண்டுலயும் நீண்ட அனுபவம். பொருளை மட்டுமில்லை, மனுசங்களையும் சேர்த்து வெக்கறவன்.

எப்படி இருக்குது? இதுக்குப் பேரு லிஃப்ட் அறிமுகம். பெரிய மனுசனோட லிஃப்ட்டுல ஏறினீங்கன்னா, அவரு இறங்கறதுக்குள்ள உங்களைப் பத்திச் சொல்லி முடிச்சுரணும். நம்ம சிங்காநல்லூர்ல நான் எந்த லிஃப்ட்டைக் கண்டேன்? டவுன் பஸ்ல கண்டக்டர்கிட்டச் சொல்லிச் சொல்லித்தான் பழகினேன். அவரு இப்பல்லாம் என்னைப் பார்த்தாலே முன்பக்கமாப் போயிர்றாரு.

இந்தாங்க, கார்டு வெச்சுக்குங்க. நனையாது, கிழியாது.

என்னங்க? நீங்க... இருங்க, ஒரு நிமிஷம், இதை முடிச்சுடறேன். நானே உங்களைக் கேட்பேன். நல்லாக் காது கொடுத்துக் கேட்கறவனுக்குத்தான் தொடர்பு நிக்கும்னு எங்க கோச் சொல்லுவாரு. அதுல நான் கெட்டிக்காரன்.

கோச்சுன்னா நவநீத்துங்க. சின்ன வயசுதான், என் கடைசித் தம்பியை விடச் சின்னவரு. ஆனா 'சார்'னு கூப்பிட்டாக் கோவிச்சுக்குவாரு, 'கோச்'னுதான் கூப்பிடணும். அவிநாசி ரோட்டுல ஒரு ஓட்டல் மாடியில வகுப்பு எடுத்தாரு. போன ஆடியில எங்க கம்பெனியை மூடிட்டாங்க. வாசல்ல பூட்டுப் போட்டுட்டு, உள்ள இருக்கற பிள்ளையாருக்குப் பூசை பண்ண மட்டும் பின்பக்கமா வழி விட்டாங்க. இத்தனை வருசம் ஒரே இடத்துல ஸ்டோர்ஸ் பார்த்தவனுக்கு வெளியில யாரைத் தெரியும் சொல்லுங்க? ஒருத்தரைத் தெரியாது. அப்பத்தான் பேப்பர்ல விளம்பரம் பார்த்துட்டு அந்த வகுப்புக்குப் போனேன்.

முதல் நாளே கோச் எங்களை எந்திரிச்சு நிக்க வெச்சு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. 'நான் வேலை கேட்க மாட்டேன்.' எல்லாரும் சத்தமாச் சொன்னோம். கீழ சாம்பார் வாளியைத் தூக்கிட்டுப் போன பையன் நின்னு மேல பார்த்தான். அந்த ஹால்ல இருந்த அத்தனை பேரும் வேலை இல்லாதவங்க பாருங்க.

அதுதாங்க சூட்சுமம். வேலை வேணும்னு கேட்டீங்கன்னா ஆளு மிரண்டு ஓடிருவாரு. அறிவுரை கேட்கணும். 'உங்க அனுபவத்துல இருந்து எனக்கு ஒரு வழி காட்டுங்க'ன்னு கேட்டா எந்த மனுசனும் உருகிருவான். நாம கேட்காமயே வேலை தானா வரும். அது வர்ற வரைக்கும் பழகணும். பழகிட்டே இருக்கணும்.

எங்க வீட்டுக்காரி சாரதாமணிக்கு இது புரியவே இல்லை. 'வேலை வேணும்னாக் கேட்க வேண்டியதுதானே, இதுக்கு எதுக்கு மாடியேறிப் படிக்கறீங்க?'ன்னா. அவளுக்கு எல்லாமே அப்படித்தான், நேர்கோடு. தெருமுக்குல ஒரு லேடீஸ் ஹாஸ்டல் இருக்குது. ஒருநாள் தயிர் வாங்கப் போனவ, 'ஆள் தேவை'ன்னு போர்டைப் பார்த்துட்டு, தயிர்த் தூக்கோட அப்படியே உள்ள போயி, 'என்ன வேலைங்க?'ன்னு கேட்டிருக்கறா. மறுநாள்ல இருந்து வார்டன். ஒரு அறிமுகம் இல்லை, கார்டு இல்லை, ஒண்ணுமில்லை. எனக்கு வருத்தமாப் போச்சுங்க. அடித்தளமே இல்லாத வேலை அது, எத்தனை நாளைக்கு நிக்கும்? இப்போதைக்கு அந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுது, அது வேற விஷயம்.

ஆனா அதுல முழுசா ஓட்ட முடியாதுன்னு அவளே சொல்லிட்டா. தை பொறந்தா வீட்டைக் காலி பண்ணிட்டுத் திருப்பூர் போறதுன்னு முடிவு. அங்க அவ தம்பி குழந்தைவேலு பனியன் கம்பெனி வெச்சிருக்கறான். என்னை அங்க சூப்பர்வைசராப் போட்டுக்கறானாம். 'போட்டுக்கறேன்'னுதாங்க சொன்னான், ஏதோ சட்டையைப் போட்டுக்கற மாதிரி. எங்க கல்யாணத்தப்ப என் சைக்கிள் பார்ல உட்கார்ந்து, பெல்லை அடிச்சு அடிச்சு உடைச்சவன் அவன். இப்ப அவன் வண்டி உள்ள வரும்போது நான் எந்திரிச்சு நிக்கணும். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கறதில்லைங்க, நிஜமாச் சொல்றேன். இது மார்கழி. தைக்கு இன்னும் எவ்வளவு இருக்குது?

அதனாலதான் தீவிரமா இறங்கினேன். முதல்ல கல்யாண மண்டபங்களுக்குப் போனேன். தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லாம். கல்யாணம் உதவாதுங்க. பந்தியில பக்கத்துல உட்கார்ந்தா வாய் நிறையச் சோத்தை வெச்சுட்டுத் தலையை மட்டும் ஆட்டறாங்க. பேச்சு சூடு பிடிக்கறப்போ பாயசம் வந்துருது. கை கழுவி வந்து தொடரலாம்னா, அதுக்குள்ள அந்த நாற்காலியை வேற ஒருத்தர் பிடிச்சுட்டு நிக்கறாரு.

எழவு வீடு அப்படி இல்லை. நல்லா யோசிச்சுப் பாருங்க. இதை விடத் தோதான இடம் உலகத்துல இருக்குதா? வந்தவங்க எந்திரிச்சுப் போக முடியாது, போனா ஊரு பேசும். போனை நோண்ட முடியாது. பாட்டு, மைக் செட்டு ஒண்ணும் இல்லை. பெரிய பெரிய முதலாளிங்கல்லாம் பிளாஸ்டிக் சேர்ல கம்முனு உட்கார்ந்திருப்பாங்க, பக்கத்துல யாரு வந்து உட்கார்ந்தாலும் வேண்டாம்னு சொல்ல முடியாது. இதைக் கோச்சே யோசிக்கலை, நானாக் கண்டுபிடிச்சது. காலையில எந்திரிச்சதும் பேப்பர்ல கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைத்தான் முதல்ல பார்ப்பேன். சாரதாமணி காபி டம்ளரை நங்குன்னு வெச்சுட்டுப் போவா.

ஆரம்பத்துல எனக்கும் கொஞ்சம் தடுமாத்தம் இருந்துச்சு. ஒரு ஸ்பின்னிங் மில்லு ஜெனரல் மேனேஜர், அவங்க அம்மா தவறிட்டாங்க. போனேன். வாசல்ல உறவுக்காரங்க வரிசையா உட்கார்ந்திருக்கறாங்க. வர்றவங்க எல்லாரும் கையை லேசாத் தொட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம நகர்றாங்க. தொட்டும் தொடாத மாதிரி அது என்னங்க பழக்கம்? அதுல என்ன தன்னம்பிக்கை தெரியும்? கோச் சொல்லிக்கொடுத்த மாதிரி கண்ணைப் பார்த்து, பல்லு தெரியச் சிரிச்சு, கையை நல்லா அழுத்திக் குலுக்கி, 'உங்களைச் சந்திச்சதுல ரொம்ப மகிழ்ச்சி சார்'னேன். மனுசன் ஆடிப் போயிட்டாரு. அப்படி ஒரு ஆளை அதுக்கு முன்னாடி பார்த்திருக்க மாட்டாரு.

கிளம்பறப்பத்தான் சின்னச் சிக்கல். எழவு வீட்டுல யாரும் 'போயிட்டு வர்றேன்'னு சொல்லிக்கறதில்லை, சொல்லாமத்தான் போகணும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ஒவ்வொரு சந்திப்பும் அடுத்த சந்திப்புக்கு நாள் குறிச்சுட்டுத்தான் முடியணும்னு கோச் அடிச்சுச் சொல்லியிருக்கறாரு. அதனால, 'கூடிய சீக்கிரம் இதே மாதிரி மறுபடியும் சந்திக்கலாம் சார்'னு சொன்னேன். பக்கத்துல அவரோட அப்பா, பெரியவரு, மூக்குல குழாயோட உட்கார்ந்திருந்தாரு.

அன்னையில இருந்து மேனேஜர் என் போனை எடுக்கறதே இல்லைங்க. அம்மா மேல அத்தனை பாசம். இன்னும் மீள முடியலையாட்ட இருக்குது.

காபி எடுத்துக்குங்க. சர்க்கரை இல்லாதது கேட்டாத் தருவாங்க.

என்ன? ஐயாவை எனக்கு எப்படித் தெரியும்னா கேட்கறீங்க? அதைத்தான் சொல்ல வந்தேன். இவரு எழவு வீட்டுல கிடைச்ச தொடர்பு இல்லை. எங்க ஏரியாப் பூங்காவுல காலையில நடக்க வருவாரு. ஆறுச்சாமி, பம்ப்செட் கம்பெனி முதலாளின்னு சொன்னாங்க. உடனே நான் கேன்வாஸ் ஷூ வாங்கிட்டேன். ஆனா அவரு செருப்புப் போட்டுட்டுத்தான் நடப்பாரு, அதுவும் ரெண்டு சுத்து. மீதி நேரம் வேப்பமரத்தடி பெஞ்சுல உட்கார்ந்துட்டு, நடக்கறவங்களை எல்லாம் வைவாரு.

பழகின ரெண்டாவது வாரமே கேட்டுட்டாருங்க. 'என்ன தம்பி, பொழுது விடிஞ்சா இங்கயே கிடக்கறே. வேலை கீலை இல்லையாட்ட இருக்குது?'

நான் கொஞ்சம்கூட அசரலை. 'ஒரு மாற்றத்துக்கான கட்டத்துல இருக்கறனுங்க ஐயா.'

'அப்படின்னா?'

'புதிய வாய்ப்புகளை ஆராய்ஞ்சுட்டு இருக்கறனுங்க.'

'வேலை இல்லைங்கறே.'

சிரிச்சு மழுப்பிட்டேன். விட்டாரா? 'எங்கிட்ட ஏதாச்சும் வேணும்னாக் கேளு, கூச்சப்படாதே'ன்னாரு. பார்த்தீங்களா, எப்படித் தூண்டில் போடறாங்கன்னு? இந்த இடத்துலதான் எல்லாரும் சறுக்குவாங்க. நான் கையைக் கட்டிட்டு, 'உங்க அறிவுரை ஒண்ணே போதுமுங்க ஐயா'ன்னேன்.

அவரு ஒரு மாதிரிப் பார்த்துட்டு, சரின்னு அறிவுரை சொன்னாரு. வெறும் வயித்துல காபி குடிக்காதேன்னாரு. முழங்காலுக்கு நல்லெண்ணெய் போடுன்னாரு. ஷூ கயித்தை இறுக்கிக் கட்டாதேன்னாரு. தினமும் ஒண்ணு. நானும் தினமும் கேட்பேன். கார்டும் கொடுத்தேன். ஒருநாள் அந்தக் கார்டை வெச்சுச் செருப்புல ஒட்டின சேத்தை வழிச்சுட்டிருந்தாரு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, நம்ம கார்டு அவரு கைக்குப் பழகிருச்சே. இன்னொண்ணு கொடுத்தேன். பொறகு ஒருநாள் மூணாவதும் கொடுத்தேன்.

இருங்க, முக்கியமான கட்டத்துக்கு வந்துட்டேன். ஐப்பசியில நல்ல மழை விட்ட ஒருநாள். பெஞ்சு ஈரம். துண்டை விரிச்சு எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தாரு. சொன்னாரு, 'நம்ம கம்பெனி ஸ்டோர்ஸ் பார்த்துட்டிருந்த மனுசன் வயசாயிருச்சுன்னு நின்னுட்டாரு. இடம் காலியாக் கிடக்குது. நல்ல ஆளு இருந்தாச் சொல்லு.'

'நானே வர்றனுங்க'ன்னு சொல்லிரலாமான்னு இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், வாய் வரைக்கும் வந்துருச்சு. நல்லவேளை கோச் ஞாபகத்துக்கு வந்தாரு. முதல்ல நாம கொடுக்கணும், வாங்கறதுக்கு அவசரப்படக் கூடாது. 'நல்ல ஆளாப் பார்த்துச் சொல்றனுங்க ஐயா'ன்னேன்.

'நீயே யோசிச்சுப் பாரேன்'னாரு.

'யோசிச்சுட்டுத்தான் இருக்கறனுங்க. இப்பல்லாம் நல்ல ஆளு கிடைக்கறது ரொம்பக் கஷ்டமுங்க'ன்னேன்.

மனுசன் என்னையே பார்த்தாரு, ரொம்ப நேரம். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆசையில்லாத ஆளான்னு அசந்துட்டாரு போல. அன்னைக்கு அறிவுரைகூடச் சொல்லலை. துண்டை உதறிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அப்படி விட்டது தப்பில்லைங்க. உறவு இன்னும் பழுக்கலை. நான் நாள் குறிச்சு வெச்சிருந்தேன். தை ஒண்ணாந்தேதி, கரும்பும் மஞ்சக்கொத்துமா இந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கறது. அன்னைக்கும் நேராக் கேட்கறதா இல்லை. 'ஸ்டோர்ஸ்ல எதிர்காலம் எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க ஐயா?'ன்னு பொதுவா ஆரம்பிக்கறது. கண்ணாடி முன்னாடி நின்னு பேசியும் பார்த்துட்டேன். அதுக்குள்ள நேத்து நெஞ்சு வலின்னாங்க, முடிஞ்சுருச்சு. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? என் உழைப்பு அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்ள படுத்திருக்குது. சாரதாமணி நேத்து ராத்திரியே அட்டைப்பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டா. முதல்ல என் ஷூவைத்தான் உள்ள வெச்சா.

சரி, நானே பேசிட்டிருக்கறேன். நீங்க சொல்லுங்க. என்ன பண்றீங்க?

இங்கயா? நம்ம ஐயா கம்பெனியிலயா? அட, முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? ...சொல்ல வந்தீங்களா, சரி சரி. என்னவா இருக்கறீங்க?

ஸ்டோர்ஸா.

எப்ப இருந்து? கார்த்திகையில இருந்தா. ஓ. நல்லதுங்க. ரொம்ப நல்லது. யாரு மூலமா வந்தீங்க? ...யாரு மூலமாவும் இல்லையா? அதெப்படி? கம்பெனி கேட்டுல போயி நின்னீங்க, வாட்ச்மேன்கிட்ட 'வேலை இருக்குதுங்களா'ன்னு கேட்டீங்க. அவரு உள்ள அனுப்பினாரு, ஐயாகிட்டயும் அதையே கேட்டீங்க. அப்புறம்? ...அப்புறம் ஒண்ணும் இல்லையா? அதுக்கு முன்னாடி அவரோட எத்தனை நாள் பழகினீங்க? பழகவே இல்லையா?

கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குச் சொல்றேன், உங்க முறை தப்புங்க. வேலை கிடைச்சுருச்சு, அதை இல்லைங்கலை. ஆனா அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டாக் கிடைக்காது.

என்ன சொன்னாரு ஐயா? உங்களைச் சேர்த்துக்கறப்பவா?

'பார்க்குல ஒருத்தன் இருக்கறான். வேலை தெரிஞ்சவனாட்டத்தான் இருக்குது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்பான் கேட்பான்னு இந்த இடத்தை அவனுக்காகப் போட்டு வெச்சிருந்தேன். அவனுக்கு என்ன சங்கடமோ, கேட்கவே மாட்டேங்கறான். இனிமேலும் ஸ்டோர்ஸைப் பூட்டி வெக்க முடியாது, நீ வா'ன்னா சொன்னாரு?

அப்படியே இந்த வார்த்தையாவா?

யாரைச் சொல்லியிருப்பாரு... அந்தப் பார்க்குக்கு எத்தனையோ பேரு வருவாங்க. ரிட்டயர்டு ஆனவங்களே நிறையப் பேரு. யாரோ விவரம் இல்லாத ஆளா இருக்கும், பாவம்.

பேரு ஏதாச்சும் சொன்னாருங்களா?

பேரு ஞாபகம் வரலைன்னாரா? அதெப்படிங்க வராமப் போகும்? கார்டு கொடுத்தேனே. ஒண்ணுக்கு மூணாக் கொடுத்தேனே. பெரிய எழுத்துல போட்டிருக்குதே, கண்ணாடி போடாமயே படிக்கலாமே. நனையாதுங்க அது.

இல்லைங்க, ஒண்ணுமில்லை. காபி ஆறிப் போச்சு, அதான். நீங்க குடிங்க.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்குமுங்க. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. வேலைக்காகத்தான் அந்தப் பெஞ்சுக்குப் போனேன், இல்லைங்கலை. ஆனா ஒருநாள் காய்ச்சல்ல போகலை. மறுநாள் போனா, 'எங்கடா போயித் தொலைஞ்சே, நேத்து உனக்குச் சொல்ல ஒண்ணு வெச்சிருந்தேன்'னாரு. என்னன்னு கேட்டா, 'ராத்திரி தயிரு சாப்பிடாதே, அவ்வளவுதான்'னாரு. கம்பெனி மூடின பொறகு, நான் வரலைன்னு தேடின ஒரே ஆளு அவருதாங்க. சாரதாமணியே நான் எப்ப வீட்டை விட்டு வெளிய போவேன்னுதான் பார்த்துட்டிருந்தா.

அதோ கார் வந்துருச்சு. பொண்ணு வந்துட்டாங்க. பாவம், அழுதுட்டே இறங்கறாங்க. இனி எடுத்துருவாங்க. எந்திரிங்க, செருப்பைக் கழட்டிருங்க. முதல்ல பங்காளிங்க தூக்குவாங்க. தெருமுக்குத் தாண்டினா மத்தவங்களும் தோள் கொடுக்கலாம்னு பேசிட்டிருந்தாங்க.

ஏனுங்க, ஒரு சின்ன விஷயம். எனக்கும் ஒருக்காத் தோள் கொடுக்கணும்னு இருக்குது. கொஞ்ச தூரம் போதும். அதோ முன்னாடி நிக்கறாரே, வெள்ளைத் துண்டு, அவருதானே ஐயாவோட பையன்? உங்களுக்கு அவரைத் தெரியும். நீங்க கம்பெனி ஆளு, சொன்னாக் கேட்பாரு. எனக்காக அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

நானாவா? நானே போயிக் கேட்கறதா? அந்த மனுசன் வேண்டாம்னு சொல்ல மாட்டாருதான். ஆனா நல்லா இருக்காதுங்க. அறிமுகமே இல்லாம, நேரா அவரு முன்னாடி போயி நின்னு... இல்லைங்க, நீங்களே சொல்லிருங்க. இந்தாங்க, இந்தக் கார்டை அவருகிட்டக் கொடுத்துட்டுச் சொல்லுங்க.